ஆரணிப் பட்டும் அளவு ஜாக்கெட்டும்

போன தை மாதம் அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். சேலை எல்லாம் ஆரணியில்தான் எடுத்தோம். எங்களுக்கு அது சொந்த ஊர். அப்பா வழித் தெருவில் இன்னமும் நாலைந்து வீட்டில் தறி ஓடுகிறது. அக்காவுக்கு அரக்கு நிறத்தில், மாம்பழ மஞ்சள் பார்டர் வைத்த சேலை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தைத்த ஜாக்கெட் வந்தது. போட்டுப் பார்க்க அறைக்குள் போனவள் அரை மணி நேரம் வெளியே வரவே இல்லை. கடைசியில் வந்தபோது கறுப்பில் ஏதோ ஒரு பழைய ஜாக்கெட் போட்டிருந்தாள்.

"தோள் இறங்குது. முன்னாடி கொக்கி மாட்டவே மாட்டேங்குது. கையைத் தூக்கினா மொத்தமும் மேல ஏறுது. விடுடா, எனக்கு எப்பவுமே இப்படித்தான்" என்றாள்.

தைத்தவருக்கு போன் போட்டேன். "நான் அளவு கரெக்டாத்தான் சார் எடுத்தேன். அவங்க உடம்பு வாகு அப்படி. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார். கல்யாண ஆல்பம் முழுக்க அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே நிற்கிறாள்.

"உடம்பு வாகு அப்படி." இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஏதாவது ஒரு தையல் கடையில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் என் மண்டையில் ஓடியது வேறு. அக்கா சொன்ன மூன்று புகாரையும் சேர்த்துப் பாருங்கள். தோள் லூசு, மார்பு டைட். ஒரே சட்டை ஒரே நேரத்தில் பெரிதாகவும் சிறிதாகவும் எப்படி இருக்க முடியும்? இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் இருக்கிறவனுக்கு இந்த மாதிரி பிழை பழக்கமானது. உள்ளே கொடுத்த எண் சரியாகவே இருக்கும். அந்த எண்ணிலிருந்து மற்றதையெல்லாம் கணக்கிடுகிற சூத்திரத்தில்தான் ஓட்டை இருக்கும். அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். கல்வெட்டும் காசும் தேடிக்கொண்டிருந்தவன் இப்போது ஜாக்கெட்டுக்கு வந்துவிட்டானா என்று சிலர் சிரிக்கலாம். ஆம்பளைக்கு இதில் என்ன வேலை என்றும் கேட்கலாம். ஜாக்கெட் வெட்டுகிற மாஸ்டர்களில் பலபேர் ஆண்கள்தான். வெட்டும் கணக்கைப் புத்தகமாக எழுதியவர்களிலும் அப்படித்தான். கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் சொற்களைப் பாருங்கள். நம் பக்கத்தில் பிளவுஸ் என்பது அண்மைக்காலச் சொல். வீட்டில் சொல்வது ஜாக்கெட். உள்ளே போடுவது பாடி. இரண்டுமே ஐரோப்பியத் தையல்காரரிடமிருந்து வந்தவை. ஜாக்கெட் என்பது கோட்டு வகை. பாடி என்பது பாடிஸ், அதாவது கவுனின் மேல்பகுதி. இவற்றுக்கு முன்பு இருந்தது ரவிக்கை. தெலுங்கில் ரவிக, கன்னடத்தில் ரவிகெ. அதற்கும் முன்னால் இலக்கியத்தில் கச்சு, அது கட்டுகிற துணி. தைத்த உடையே நமக்குத் தெரியாது என்று சொல்வதும் தப்பு. முல்லைப்பாட்டு யவனர் மெய்ப்பை போட்டிருந்ததைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரத்துத் தொழிலாளர்களை வரிசையாகச் சொல்லும்போது துன்னகாரரையும் சேர்த்துச் சொல்கிறது, அதாவது தையற்காரர். ஊசி இருந்தது, ஆள் இருந்தார். பெண்களின் அன்றாட உடை மட்டும் தைக்காத துணியாகவே ரொம்ப காலம் இருந்தது.

ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1866-ல் இந்தியத் துணிகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதோடு சேர்ந்தது 18 தொகுதிகளில் ஒட்டி வைத்த 700 துணி மாதிரிகள். லங்காஷயர் ஆலைக்காரர்கள் பார்த்துக் காப்பியடிக்க வசதியாக. அவர் இந்திய உடையை இரண்டாகப் பிரிக்கிறார்: தறியிலிருந்து இறங்கியதுமே உடுத்தத் தயாராக இருப்பது, வெட்டித் தைத்தால்தான் உடையாவது. சேலை முதல் வகை. ஆரணி அந்தக் காலத்தில் மஸ்லினுக்குப் பேர்போன ஊர், பட்டுக்கு மட்டுமல்ல. அந்த ஊர் நெசவாளிக்கு உடுத்துகிறவளின் உடம்பைப் பற்றி ஒரு கவலையும் இருந்திருக்காது. ஒல்லியோ குண்டோ, ஒரே சேலைதான். கொசுவத்தில் நாலு மடிப்பு கூடும், குறையும். அளவு என்ற தலைவலியே கிடையாது. அந்தத் தலைவலி ரவிக்கையோடுதான் வருகிறது, அதுவும் எல்லா ரவிக்கையோடும் அல்ல.

ஆரணியில் அத்தையின் டிரங்குப் பெட்டியில் என் பாட்டியின் ரவிக்கை ஒன்று கிடைத்தது. அப்பாவைப் பெற்ற பாட்டி. அவருடைய மாமியார் ரவிக்கையே போட்டதில்லை, வடாற்காட்டு கிராமங்களில் அது அப்போது அதிசயமும் இல்லை. பாட்டி போட்டது முன்பக்கம் முடிச்சுப் போடுகிற வகை. கருநீலக் கைத்தறி, அக்குளில் சாயம் வெளுத்துப் போயிருந்தது. அதைத் தரையில் விரித்து ஸ்கேல் வைத்து அளந்தேன். உடம்புக்கு நீள்சதுரமாக ஒரே துண்டு, நடுவில் கழுத்து. கைகள் இரண்டும் நீள்சதுரம். இரண்டு அக்குளிலும் உள்ளங்கை அளவில் ஒரு சதுரத் துண்டு, வைர வடிவில் திருப்பி வைத்துத் தைத்திருக்கிறது. அவ்வளவுதான். வளைவான வெட்டு கழுத்தில் மட்டும். டாட் ஒன்றுகூட இல்லை. துணியில் வீணானது கைப்பிடிகூட இருக்காது.

மார்பு எப்படி இதில் அடங்கியது? முன்பக்கத்தின் இரண்டு நுனியும் மார்புக்குக் கீழே வந்து முடிச்சாகின்றன. முடிச்சை இறுக்கினால் மேலே இருக்கிற துணி தானாகச் சுருங்கி மேட்டின் மீது உட்காரும், தளர்த்தினால் விரியும். கையைத் தூக்கும்போது இழுபடாமல் பார்த்துக்கொள்வது அந்த அக்குள் சதுரம். பாட்டி ஆறு பிள்ளை பெற்றவர். பாலூட்டும் காலம், அதற்குப் பின்னால் இளைத்த காலம், வயதான காலம் என்று எல்லாவற்றுக்கும் அதே வெட்டுதான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், அளவை முன்கூட்டியே எழுதிப் பூட்டிவிடாமல் ஓடும்போது தீர்மானிப்பது. தினமும் காலையில் முடிச்சுப் போடும்போது அன்றைய உடம்புக்கு அன்றைய அளவு.

ரொம்பவும் உருக வேண்டாம். அம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "அந்த முடிச்சு குத்தும்டா. குனிஞ்சு மாவாட்டினா அவுந்துடும். கொக்கி வெச்ச ஜாக்கெட் வந்ததும் உங்க பாட்டியே என்னைத் தைச்சுக்கச் சொன்னாங்க, தனக்குத்தான் வேணாம்னாங்க."

கொக்கி வைத்த ஜாக்கெட் வந்த வழி நேரானதல்ல. தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போட உரிமை கேட்டு நடத்திய தோள்சீலைப் போராட்டம் எல்லாருக்கும் தெரியும். 1859 ஜூலை 26-ல் வந்த அரச அறிவிப்பு ஜாக்கெட் போட அனுமதித்தது, ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணியில் கூடாது என்று ஒரு முள்ளையும் வைத்தது. இங்கே நான் கவனிப்பது வேறொன்று. மிஷன் பெண்கள் அங்கே தைத்துக் கொடுத்த குப்பாயம் தளர்வானது. மறைப்பதுதான் அதன் வேலை, உருவத்தைப் பிடித்து நிற்பதல்ல. தளர்வான சட்டையில் மார்பு பெரிதா சிறிதா என்ற கேள்வி எழாது. வங்காளத்திலிருந்து பம்பாய்க்குப் போன ஞானதாநந்தினி தேவி 1860-களில் சேலைக்கு மேல்சட்டை போடும் பார்சிப் பெண்களைப் பார்த்து ஒரு பாணியை வகுத்தார். படித்த குடும்பங்களில் அது பரவியது. அதன் பிறகுதான் ஐரோப்பிய பாடிஸின் டாட், அதாவது துணியைக் கூராகப் பிடித்துத் தைத்துக் குழி உண்டாக்குகிற வேலை, நம் ஜாக்கெட்டுக்குள் நிலையாக உட்கார்ந்தது. உடம்போடு ஒட்டுகிற சட்டை வந்தது. அளவு வேண்டியிருந்தது. அளவோடு சூத்திரமும் வந்தது.

இப்போது அந்தச் சூத்திரம். 1800 வாக்கில் ஐரோப்பாவில் அளவு நாடா பரவுகிறது. அதற்கு முன்னால் தையல்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நீளக் காகிதப் பட்டையோ தோல் பட்டையோ வைத்திருப்பார். தோள் இவ்வளவு, கை இவ்வளவு என்று அதில் கத்தரியால் வெட்டுக் குறி போடுவார். எண்ணே கிடையாது. எண் வந்ததும் கணக்குப்புலிகள் நுழைந்தார்கள். 1830-களில் ஹென்றி வாம்பென் என்ற ஜெர்மானியக் கணித ஆசிரியர் லண்டன் தையல்காரர்களுக்காக உடம்பின் விகிதங்களை வைத்து வெட்டும் முறையை எழுதினார். அவரைப் போலப் பலரும் எழுதினார்கள். அடிப்படை இதுதான்: மார்புச் சுற்றளவு ஒன்றைத் துல்லியமாக எடுத்துக்கொள், கழுத்து, கைக்குழி, முதுகு எல்லாவற்றையும் அதன் பின்னமாகக் கணக்கிடு. ஆண்களின் கோட்டுக்கு இது ஓரளவு வேலை செய்யும். ஆணுக்கு மார்பு அகலம் என்பது எலும்புக்கூட்டின் அகலம். மார்பு 40 உள்ளவனுக்குத் தோளும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். எண்ணிக்கையில் உடுப்பு தைக்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். இந்தக் கணக்கு தையல் பள்ளிகள் வழியாக, பம்பாயின் ஜராப்கர் முறை மாதிரியான வெட்டும் புத்தகங்கள் வழியாக, நம்மூர் மாஸ்டர்களின் வாய்ப்பாடாக வந்து சேர்ந்தது. மார்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு கழுத்து அகலம். ஆறில் ஒரு பங்கோடு கொஞ்சம் கூட்டியோ, நாலில் ஒரு பங்கில் கொஞ்சம் கழித்தோ கைக்குழி ஆழம். இன்றைக்கும் எந்தத் தையல் வகுப்பிலும் இதைக் கேட்கலாம்.

பெண் உடம்பில் இது எங்கே உடைகிறது என்று எண்ணோடு காட்டுகிறேன். (இந்த எண்கள் அக்காவுடையவை அல்ல. "என் அளவை எங்கயாவது எழுதினே, அவ்ளோதான்" என்று எச்சரிக்கை வந்திருக்கிறது.) இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மார்பின் உச்சி வழியாக நாடாவைச் சுற்றினால் 40 அங்குலம். ஆனால் அக்குளுக்கு அடியில், மார்பு மேட்டுக்கு மேலே நாடாவைச் சுற்றினால் ஒருத்திக்கு 38, இன்னொருத்திக்கு 36. இந்த இரண்டாவது அளவுக்கு மேல் மார்பு என்று பெயர். எலும்புக்கூட்டின் அளவைச் சொல்வது அதுதான். உச்சி அளவில் எலும்பும் இருக்கிறது, சதையும் இருக்கிறது. இரண்டாமவள் நாற்பது சைஸ் பெண் அல்ல. முப்பத்தாறு சைஸ் சட்டகத்தில் நிறைந்த மார்பு உள்ளவள்.

வாய்ப்பாட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இருவருக்குமே 40-ஐ பன்னிரண்டால் வகுத்து, கழுத்தின் பாதி அகலம் 3⅓ அங்குலம் என்று வைக்கும். இரண்டாமவளுக்குத் தேவை 3. ஒரு பக்கம் ⅓, இரண்டு பக்கமும் சேர்த்து ⅔ அங்குலம் கழுத்து அகண்டுவிடும், பின்கழுத்து இறக்கமாகவும் வைத்தால் தோள் நழுவும். கைக்குழி ஆழத்திலும் ஏறக்குறைய அதே ⅔ அங்குலம் கூடிவிடும். கைக்குழி ஆழமானால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் சேர்ந்து மேலே வரும். முதல் புகாரும் மூன்றாவது புகாரும் இதோ வந்துவிட்டன. இரண்டாவது? மொத்தச் சுற்றளவு 40 இருக்கிறது, ஆனால் அது முன்னும் பின்னும் சமமாகப் பங்கு போடப்பட்டிருக்கிறது. முதுகில் சும்மா தொங்குகிற அங்குலம்தான் முன்பக்கத்துக்கு வேண்டிய அங்குலம். அதோடு மேட்டின் மீது ஏறி இறங்க முன்பக்கத்துக்கு நீளமும் கூடுதலாக வேண்டும். அது இல்லாததால் கொக்கி விரிகிறது, அடிப்பட்டி மேலே ஏறி மார்பின் மீதே உட்கார்ந்துகொள்கிறது. தைத்தவர் சொன்னது உண்மை. அவர் அளவைச் சரியாகத்தான் எடுத்தார். ஒரு அளவு எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. மசாசூசெட்ஸைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-ல் சைஸ் வாரியாகக் காகித மாதிரி வெட்டி விற்க ஆரம்பித்தார். முதலில் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும், அப்புறம் 1866 வாக்கில் பெண்களுக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி பெண்கள் அந்தக் காகிதத்தைத் துணி மீது வைத்து வெட்டலாம். அந்த மாதிரிகளில் மேல் மார்புக்கும் உச்சி மார்புக்கும் வித்தியாசம் 2 அங்குலம் என்று வைத்து வரைவது பிற்பாடு வழக்கமாயிற்று. அதற்கு மேல் உள்ளவர்கள் காகிதத்தை அறுத்து அகட்டிக்கொள்ள வேண்டும். 1930-களில் உள்ளாடைக் கம்பெனிகள் ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போட்டு இந்த வித்தியாசத்துக்கே ஒரு பெயர் கொடுத்தன. நம்மூர்க் கடைகளில் இன்றைக்கும் எண்ணைத்தான் கேட்கிறார்கள். எழுத்தைக் கேட்பவர் குறைவு.

1939-40-ல் அமெரிக்க விவசாயத் துறை (ஆமாம், விவசாயத் துறைதான், வீட்டுப் பொருளாதாரம் அவர்களிடம் இருந்தது) ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் வீதம் எடுத்தது. ரூத் ஓப்ரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் 1941-ல் அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு பெண்ணின் மற்ற அளவுகளைக் கணிக்க மார்புச் சுற்றளவைவிட உயரமும் எடையும் சேர்ந்த ஜோடிதான் உதவும் என்பது அவர்கள் கண்டது. கடையில் எடை கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் வியாபாரம் மறுபடி மார்புக்கே திரும்பியது. அந்தக் கணக்கெடுப்பில் வெள்ளைக்காரப் பெண்களின் எண்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். நம் நாட்டில் நிஃப்ட் நிறுவனம் எடுத்துக்கொண்ட இந்தியாசைஸ் திட்டம், ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பதை இலக்காக வைத்தது. சேலை ஜாக்கெட்டுக்கு அதிலிருந்து ஏதாவது வந்தால் சந்தோஷம்.

ஆனால் எண்ணை நம்பாத ஒரு வழி நம் பெண்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அளவு ஜாக்கெட். எப்போதோ ஒருமுறை, யாரோ ஒரு புண்ணியவான் கையில் அதிர்ஷ்டவசமாகச் சரியாக அமைந்த ஒரு ஜாக்கெட்டை வீட்டுப் பெண்கள் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். புதுசு தைக்கக் கொடுக்கும்போது கூடவே அதையும் கொடுத்து, "இதே மாதிரி, இம்மி பிசகாம" என்பார்கள். லண்டன் தையல்காரர் வைத்திருந்த வெட்டுக் குறி போட்ட பட்டை மாதிரிதான் இதுவும். இரண்டிலும் எண் கிடையாது, உடம்பே நேராகப் பதிந்திருக்கும். ஒரே வித்தியாசம், பட்டை தையல்காரரிடம் இருந்தது, அளவு ஜாக்கெட் அவளிடமே இருக்கிறது. அக்காவிடம் அப்படி ஒன்று இருந்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அது பொருந்தவில்லை. அதற்குப் பின் எதுவும் அமையவில்லை.

வடக்கிலிருந்து வந்த இன்னொரு தீர்வு கட்டோரி. கட்டோரி என்றால் கிண்ணம். குஜராத், கட்ச் பக்கத்துக் காஞ்சளி, காப்டு வகைகளில் மார்புக்கென்று தனியாகத் துண்டு வெட்டி இணைப்பது பழைய வழக்கம். அந்தக் கருத்துதான் நம் கடைகளில் கட்டோரி ஜாக்கெட். கிண்ணத்தைப் பெரிதாக்கினால் போதும், தோளையும் முதுகையும் தொட வேண்டியதில்லை. பிரின்சஸ் கட்டிலும் இதே வசதி உண்டு. டாட்டைத் தனியாகப் பிடிக்காமல் மேலிருந்து கீழ்வரை தையலாகவே ஆக்கிவிடுவதால் அந்தத் தையல் ஓரத்திலேயே கூட்டிக் குறைக்கலாம். கிராஸ் கட்டில் துணியின் குறுக்கு இழுவை கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் கிராஸ் கட் துணி தின்னும். ஆரணிக்குத் திரும்ப வேண்டிய இடம் இதுதான்.

அம்மாவின் கல்யாணச் சேலையில் ஜாக்கெட் துணி சேர்ந்து வரவில்லை. தனியாக வாங்கினார்கள், வேண்டிய நீளத்துக்கு. இப்போது சேலையின் முனையிலேயே ஜாக்கெட் பிட் சேர்த்து நெய்கிறார்கள். மொத்தம் ஏறக்குறைய 6.2 மீட்டர், அதில் ஜாக்கெட்டுக்கு 70 முதல் 80 செ.மீ. எண்பதே என்று வைத்துக்கொண்டாலும் 31½ அங்குலம். துணி அகலம் சுமார் 48 அங்குலம். ஜரிகை பார்டர் கை ஓரத்தில் வர வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள், ஆக இரண்டு கைகளையும் பார்டரை ஒட்டி வெட்ட வேண்டும். மேல்கைச் சுற்றளவு 15 அங்குலம் உள்ளவருக்கு லூசும் தையலுக்கு விடுவதும் சேர்த்துக் கை ஒன்றுக்கு 18 அங்குலம். இரண்டுக்கு 36. பார்டரின் நீளம் 31½. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பார்டர் என்றால் பக்கத்துக்கு ஒன்றாக வெட்டித் தப்பிக்கலாம். ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது என்றால் அதுவும் முடியாது. மிச்சத் துணியில் கிண்ணமும் முன்பக்கமும் குறுக்கில் வெட்ட இடம் எங்கே? நெசவாளிக்கும் உடுத்துகிறவளுக்கும் நடுவே இருந்த பழைய ஏற்பாட்டில், எல்லா உடம்புக்கும் ஒரே துணி என்பது பெருந்தன்மையாக இருந்தது. ஜாக்கெட் பிட்டில் அதே ஏற்பாடு ஒரு சைஸ் எல்லையாக மாறிவிட்டது. அதைச் சேலைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை.

ஆரணி சைதாப்பேட்டைப் பக்கம் ஒரு வயதான மாஸ்டரிடம் அக்காவின் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அக்காவும் வந்தாள், அரைமனசாக. அவர் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, "மேல் மார்பு எடுக்கலியாம்மா?" என்றார். கேட்டுவிட்டுத் தன் மனைவியைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார், தான் திரும்பி நின்று எண்களை மட்டும் எழுதிக்கொண்டார். பிறகு பழைய தினசரித் தாளை விரித்து மேல் மார்பு அளவை வைத்தே முன்பக்கத்தை வரைந்தார். டாட் பாயின்டிலிருந்து தோளை நோக்கி ஒரு வெட்டு, பக்கத் தையலை நோக்கி ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு, ஆனால் ஓரம்வரை அறுக்காமல் கீல் மாதிரி விட்டார். தாளை அகட்டினார். நான் சொன்ன 36-40 கணக்கில் வித்தியாசம் 4. வழக்கமான 2 போக மிச்சம் 2, முன்பக்கம் இரண்டு துண்டு என்பதால் ஒவ்வொன்றிலும் 1 அங்குலம். தாள் அகலும்போது கழுத்தும் தோளும் கைக்குழியும் அசையவில்லை. நடுவில் மட்டும் இடம் பிறந்தது. கீழே டாட் ஆழமானது, நீளமும் தானாக முக்கால் அங்குலம் கூடியது. நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கப் புத்தகங்களில் படித்ததை அப்படியே செய்தார். யாரிடம் கற்றீர்கள் என்றால், "எங்க நைனா இப்படித்தான் பேப்பரைக் கிழிப்பாரு" என்றார். வீட்டில் அவர்கள் பேசியது மராட்டி. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட சாதிகள் பற்றிய தொகுதிகளில், சாயமும் தையலும் தொழிலாகக் கொண்ட மராட்டிய வழி ரங்காரிகளைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. இவர் குடும்பம் அந்த வழியா என்று நான் கேட்கவில்லை. மராட்டிய ஜாகிர் ஊரில் அதைக் கேட்டால் ராத்திரிவரை பேசுவார்கள்.

சிக்கல் துணியில் வந்தது. அக்காவின் சேலையில் மீதி துணி இல்லை. மாஸ்டர் யோசித்து, "கைக்கு அடியில ஒட்டுப் போடட்டுமா?" என்றார். அக்கா முகம் சுருங்கியது. ஒட்டுப் போட்ட ஜாக்கெட் என்றால் ஏழ்மை, இல்லாவிட்டால் குண்டு. நான் செல்போனில் பாட்டி ரவிக்கையின் படத்தைக் காட்டினேன். அக்குளில் அதே சதுரம், வைர வடிவில். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி, படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இது ஒட்டு இல்லம்மா, இது வெட்டு. இதை வெச்சா கை நல்லா தூக்கலாம்" என்றார். சேலை முனையில் கொசுவத்துக்குள் மறைகிற இடத்திலிருந்து ஒரு சாண் துணியை எடுத்தார்.

பத்து நாள் கழித்து ஜாக்கெட் வந்தது. அக்கா போட்டுக்கொண்டு வெளியே வந்து, முதல் காரியமாக இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பரண் மேலிருந்த பித்தளை அண்டாவை இறக்கினாள். யாரும் அதைக் கேட்கவில்லை.

அடுத்த சேலைக்கு இந்தத் தொல்லை வேண்டாம் என்று தறி வைத்திருக்கும் பெரியப்பாவிடம் கேட்டேன், ஜாக்கெட் பிட்டை 1 மீட்டராக நெய்ய முடியாதா என்று. "ஒரு பாவுல மூணு நாலு சேலை இறங்குதுப்பா. ஒவ்வொண்ணுலயும் இருபது சென்டி கூட்டினா பட்டும் ஜரிகையும் யார் கணக்குல? கூலி சேலைக்குத்தான் தர்றாங்க, சென்டிக்கு இல்ல" என்றார். கொஞ்ச நேரம் தறியில் நாடா ஓடியது. அப்புறம் அவரே, "பாவு ஏத்தறதுக்கு முன்னாடி சொன்னா பார்க்கலாம். உங்க பெரியம்மாவுக்கும் பத்தாமத்தான் இருக்குது" என்றார்.

கறுப்பு ஜாக்கெட்டை அக்கா கரித்துணியாக்கிவிட்டாள். அரக்கு ஜாக்கெட் இப்போது தினசரித் தாள் மாதிரியோடு ஒரு பிளாஸ்டிக் கவரில் பீரோவில் இருக்கிறது. கவர் மேல் என்னைத்தான் தேதி எழுதச் சொன்னாள், எண்ணை எழுதவிடவில்லை.